மாட்டு லாரியில் கிடந்த படிவம்

அன்பு மகள் தேனுவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்றால், நீ இருப்பது அடுத்த அறையில். கதவைத் தட்டினால் "என்னப்பா?" என்று வந்து நிற்பாய். அப்புறம் எதற்குக் கடிதம்? முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்குத்தான். மூன்று நாட்களாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கிராஞ்சியில் செடி நர்சரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் ஓர் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தாள் எல்லாம் நர்சரியின் டெலிவரி தாள்தான். திருப்பிப் பார்த்தால் 'போகன்வில்லா நாற்பது தொட்டி, மண் பத்து மூட்டை' என்று இருக்கும், அதைக் கண்டுகொள்ளாதே. கூட வேலை செய்கிறவர்கள், "என்ன அண்ணே, உயில் எழுதறீங்களா?" என்று கிண்டல் செய்கிறார்கள். எழுதிவைக்க என்னிடம் என்ன இருக்கிறது, ஒரு சமாச்சாரம்தான் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமும் இல்லை. உனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்ததைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை உன் மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் அல்லவா? அவர்கள் எல்லோர் முன்னாலும் நீ இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஏனென்றால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் உன் படிப்பு விஷயத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதை உன்னிடம் மட்டும் சொல்லவில்லை, குடும்பம் முழுக்கச் சொல்லிவைத்தேன். அதைத் திருத்திவிட்டு, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

அழுமூஞ்சிக் கடிதம் என்று பயந்துவிடாதே. இப்போது நான் இருக்கும் குஷியில் எனக்கு அழுகையெல்லாம் வராது. அன்றைக்கு நீ போன் செய்து, "அப்பா, கிடைச்சிருச்சு! பெர்த்துக்குப் போறேன், ஆஸ்திரேலியாவுக்கு!" என்று கத்தினாயே, அப்போது நான் ஒரு காண்டோ குடியிருப்பில் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளியை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவம், மனிதர் பயந்துபோய், "அங்கிள், யூ ஓகே ஆ?" என்று கேட்டார். "மை டாட்டர், மாட்டு டாக்டர்!" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "குட், குட்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், உன் அம்மா கேசரி கிண்டி நம் மாடியில் ஒரு வீடு விடாமல் கொடுத்து முடித்திருந்தாள். எனக்குக் கிடைத்தது சட்டியில் ஒட்டியிருந்ததுதான். அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றி உனக்கு ஒன்று நன்றாகத் தெரியும், நான் நேரம் தவறமாட்டேன். முப்பத்தொரு வருடமாகச் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறேன். கிராஞ்சியில் பஸ்ஸை நம்பி இருந்தால் எந்த வேலையும் நடக்காது, அதனால் நர்சரி ஆட்கள் எல்லோரும் என் லாரியை நம்பித்தான் காலையில் எழுந்திருப்பார்கள். ஒருநாள்கூட அவர்களைக் காக்க வைத்ததில்லை. கல்யாண மண்டபத்துக்கு வாழைமரம் கட்டுவதற்கு முன்பே போய் நின்று, உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "பொண்ணு மாப்பிள்ளையே இன்னும் எழுந்திருக்கல, நாம வந்து உட்கார்ந்திருக்கோம்" என்பாள். அவள் திட்டத் திட்ட எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த வருடப் பொங்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் ராணி என்ற மாட்டின் வயிற்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளை ஏற்றிக்கொண்டு போவது வருடா வருடம் என் லாரிதான். நர்சரிக்குப் பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை, முதலாளிகள் இரண்டு பேரும் கூட்டாளிகள். ஏழு வயதிலிருந்து நீயும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். ஒருதடவை திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தவள், "அப்பா, மெதுவா போங்க, அதுக்குக் கண்ணுல வெள்ளை தெரியுது, பயப்படுது" என்றாய். நானும் அத்தனை வருடம் மாடு ஏற்றியவன்தான், அதைக் கவனித்ததே இல்லை. அன்றிலிருந்து வளைவுகளில் நான் மெதுவாகத்தான் திருப்புகிறேன். பண்ணைக்காரர், "உங்க லாரியில வர்ற மாடு மட்டும் எப்படி அண்ணே இப்படிச் சமத்தா இறங்குது?" என்று கேட்பார். என் சாமர்த்தியம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதையும் இங்கே திருத்திக்கொள்.

இந்த வருடம் வந்தவள் ராணி. செம்மண் நிறம், பெரிய கண், யார் தொட்டாலும் அசையாத குணம். லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் தெருவில் மூங்கில் தட்டி கட்டி, வைக்கோல் போட்டு நிறுத்தியிருந்தோம். பால் பெட்டியில் மட்டும் மாட்டைப் பார்த்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 'உணவு கொடுக்காதீர்கள்' என்று நான்கு மொழியில் ஒரு பலகை இருந்தது. உன் அம்மா பொங்கல் வைத்து, ஆட்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய டப்பாவில் நெய் மிதக்க மிதக்கக் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாட்டுக்கு ஒரு வாய் பொங்கல் கொடுக்காமல், போட்டோ எடுக்க மட்டுமா கூட்டி வந்தோம்? பலகையை எடுத்து வைக்கோலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். ஒரு வாய் கொடுத்தேன். அவள் என் கையையே நக்கினாள். மனசு கேட்குமா? டப்பா முழுக்கக் காலி. நான் கொடுப்பதைப் பார்த்து வரிசையில் நின்றவர்களுக்கும் பக்தி வந்துவிட்டது. ஒருவர் வாழைப்பழம் சீப்புச் சீப்பாக, ஓர் அம்மா தன் வீட்டுப் பொங்கல் பானையோடு, இன்னொருவர் வடை. நான்தான் பக்கத்தில் நின்று, "வாங்க, வாங்க, குடுங்க" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தேன்.

பதினொரு மணி இருக்கும், ராணியின் இடதுபக்க வயிறு மேளம் மாதிரி உப்பிவிட்டது. வாயில் எச்சில் ஒழுகுகிறது, மூச்சு இரைக்கிறது, காலை மடக்கிப் படுக்கப் பார்க்கிறது. நல்லவேளை, உனக்கு அன்றைக்கு விடுமுறை, கூட்டத்தோடு நீயும் வந்திருந்தாய். தட்டியைத் தாண்டி உள்ளே வந்து அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தாய்.

"அப்பா, என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் பொங்கல்."

"கொஞ்சம்னா?"

"ஒரு டப்பா."

"எந்த டப்பா?"

நான் காலியான டப்பாவைக் காட்டினேன். "அப்பா!" என்று நீ போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகள்கூட இரண்டு அடி பின்னால் போய்விட்டார்கள். அதற்கு மேல் நீ என்னைத் திட்டவில்லை, திட்ட நேரமும் இல்லை. பண்ணைக்காரர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் கால்நடை மருத்துவமனைகளுக்குப் போன் போட்டீர்கள். "ஸாரி, நாங்க நாய் பூனைதான் பாக்குறோம்" என்றது ஒன்று. இன்னொன்றில், இருக்கும் ஒரே டாக்டர் அறுவை சிகிச்சையில் இருக்கிறார் என்றார்கள். நீ நர்ஸாக வேலை பார்க்கும் குவீன்ஸ்டவுன் நாய் பூனை கிளினிக்கிலேயே மூன்று டாக்டர் வேலையை ஒருவர்தான் பார்க்கிறார், அவருக்கும் மாட்டைத் தொட்டுப் பழக்கமில்லை. கடைசியில் பண்ணைக்கு வழக்கமாக வரும் டாக்டர் ரஞ்சனி கிடைத்தார். அவர் தீவின் இன்னொரு மூலையில் ஓர் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். வர ஒன்றே கால் மணி நேரம் ஆகும் என்றார்.

அந்த ஒன்றே கால் மணி நேரத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லச் சொல்ல நீ செய்தாய். படுக்க விடாதே என்றார், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தாங்கினோம். லாரியின் சாய்வுப் பலகையில் முன்னங்கால் இரண்டும் மேலே இருக்கும்படி ஏற்றினாய். இடது வயிற்றை இரண்டு கையாலும் பிசைந்தாய். உன் நல்ல சுடிதார் முழுக்கச் சாணி. "ராணி, என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று அதன் காதோடு பேசிக்கொண்டே இருந்தாய். பண்ணைக்காரரின் மருந்துப் பெட்டியில் காற்றை இறக்குகிற ரப்பர் குழாய் இருந்தது. அதை எடுத்து உன் கையில் கொடுத்து, "போடும்மா, உனக்குத்தான் தெரியுமே" என்றேன். நீ குழாயைப் பார்த்தாய், ராணியைப் பார்த்தாய்.

"தெரியும்ப்பா. ஆனா நான் நர்ஸ். அதைப் போட எனக்கு அனுமதி இல்ல. தப்பித்தவறி நுரையீரல்ல இறங்கிட்டா செத்துரும்."

தேனு, அந்த இடத்தில் நான் பயந்தது ராணிக்காக மட்டும் இல்லை. நீ ஏன் நர்ஸாக நிற்கிறாய், டாக்டராக நிற்கவில்லை என்பது அந்தக் கூட்டத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

டாக்டர் ரஞ்சனி வந்தார், குழாயைப் போட்டார். அப்புறம் வந்தது பார் ஒரு காற்று! எதிர்ப்பக்கம் மல்லிகை விற்றவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிறு இறங்க இறங்கக் கூட்டம் கைதட்டியது. ராணி ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, என் பக்கத்தில் கிடந்த டப்பாவை மோந்து பார்த்தாள். நான் டப்பாவை லாரிக்கு அடியில் உதைத்தேன். நீ சிரித்த சிரிப்பில் டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாணியும் வியர்வையுமாக மூன்று பேரும் நடைபாதை ஓரத்தில் நின்று டீ குடித்தோம். அப்போதுதான் டாக்டர் கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே, நீ ஏன்மா வெட் டாக்டருக்குப் படிக்கல?"

நீ டீயை ஊதிக்கொண்டே, "அப்போ சரியா அமையல டாக்டர்" என்றாய். சொல்லும்போது என் பக்கம் திரும்பாமல் இருக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாய்.

"இங்க வெட் காலேஜ் இல்ல, வெளியூர் போய்த்தான் படிக்கணும், செலவுக்குப் பயந்தே பாதிப் பேர் விட்டுடறாங்க" என்றார் டாக்டர். "மாடு ஆடு பாக்குறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தாலும் கொஞ்ச நாள்ல கிளம்பிடறாங்க. இப்பதான் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. உன்னை மாதிரி அனுபவம் உள்ள நர்ஸுங்க வெட் படிக்கப் புதுசா ஒரு ஸ்காலர்ஷிப். படிப்புச் செலவெல்லாம் அவங்க பொறுப்பு. திரும்பி வந்து ஆறு வருஷம் பண்ணை வேலை பாக்கணும், அவ்வளவுதான். எனக்கும் வயசாகுது லா, எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடறது? அப்ளை பண்ணு." நீ அன்றைக்கே அப்ளை பண்ணினாய். மற்றது எல்லோருக்கும் தெரியும்.

இனி யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன். மாமா, நீங்களும் கேளுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், உனக்கு இருபது வயது. கால்நடை நர்சிங் டிப்ளமா முடித்த கையோடு இதே பெர்த்தில் வெட் படிக்க இடம் கிடைத்தது. அப்போதும் அரசாங்க உதவி இருந்தது, இரண்டு மூன்று பேருக்கு மட்டும். அதில் ஒன்று உனக்கு வந்தது. படிப்பு முடித்துத் திரும்பி வந்து வேலை செய்வாய் என்று இரண்டு பேர் ஜாமீனாக ஷூரிட்டி கையெழுத்துப் போட வேண்டும். மாமா போட்டுவிட்டார். இரண்டாவது வரி எனக்கு. நீ வேலைப் பயிற்சியில் இருந்தாய், அதனால் படிவத்தை வாங்கிக்கொண்டு நான் தனியாகத்தான் போனேன், வழக்கம்போல அலுவலகம் திறப்பதற்கு முன்பே. கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். "அங்கிள், எல்லாம் ஓகே. சம்பளச் சீட்டும் சரியா இருக்கு. இங்க ஒரு சைன் லா, முடிஞ்சது" என்றாள். பேனா மூடியைக் கழற்றினேன். கை நகரவில்லை. "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்மா, இன்னொரு நாள் வர்றேன்" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது, அவளும் அதைப் பார்த்தாள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எட்டு நாள் அது லாரியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது. நீ தினமும், "அப்பா, போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாய். தினமும், "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றேன். கடைசி நாள் சாயங்காலம், அலுவலகம் மூடுகிற நேரம் வரை காத்திருந்து, வேறு ஆள் தேட உனக்கு நேரமில்லாதபடி பார்த்து வீட்டுக்கு வந்து சொன்னேன், "என் சம்பளம் பத்தாதாம். என்னை ஷூரிட்டியா எடுத்துக்கமாட்டாங்களாம்." செய்ததிலேயே கேவலம் அந்தக் காத்திருப்புதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அந்தத் தீபாவளிக்கு மாமா, "டாக்டர் டாக்டர்னாங்க, கடைசில மாட்டு டாக்டரா மாப்பிள்ளை?" என்று சிரித்தது எனக்குச் சுருக்கென்றிருந்தது. (மாமா, கோபிக்க வேண்டாம், நீங்கள் விளையாட்டாகத்தான் சொன்னீர்கள்.) ஆனால் அது ஒரு சாக்கு. நிஜமான காரணம் பயம். நீ ஒரே பிள்ளை. ஐந்து வருடம் நீ இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அந்தக் கவுண்டரில் நின்று யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டு இருந்துவிடுவாய், வருடத்துக்கு ஒருதடவை விருந்தாளி மாதிரி வந்து போவாய் என்று மனசு என்னென்னவோ சொன்னது. மகள் மேல் இருக்கும் பாசம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பாசம் இல்லை தேனு, சுயநலம்.

நீ அழுதிருந்தால்கூடத் தேவலை. உன் அம்மாதான் அழுதாள். நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சம்பளத்துலதான்ப்பா நான் வளந்தேன். அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாய். அவமானப்பட்டவன் நான் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாய். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. லாரியை லாக் பண்ணிவிட்டு வருகிறேன் என்று கார்பார்க்குக்கு இறங்கி, பெட்டியைத் திறந்து, படிவத்தை எடுத்து, ஸ்டியரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் அந்த அலுவலகக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நான்தான் நின்றேன். அதே பெண்தான். படிவத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். "அங்கிள், நேத்தோட முடிஞ்சிருச்சே" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் நான் லேட்டாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் இந்த ஒன்பது வருடமும் நீ எனக்குக் காட்டிய கரிசனம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தண்டனை. ஒரு படிவத்தைக்கூட என் முன்னால் நீ வைத்ததில்லை. போன் லைன் வாங்குவதென்றாலும் மாமாவிடம் போவாய். சம்பளப் பேச்சு வந்தால், "அம்மா, ரசம் இருக்கா?" என்று பேச்சை மாற்றுவாய். மாமா இன்றைக்கும் என் தோளைத் தட்டி, "விடுங்க மாப்பிள்ளை, சம்பளம் எல்லாம் ஒரு விஷயமா" என்பார். இத்தனைக்கும் என் சம்பளம் அப்போதும் போதும், இப்போதும் போதும். போன மாதம் புது ஸ்காலர்ஷிப்புக்கு ஷூரிட்டி வேண்டும் என்று வந்ததும் நீ உன் கிளினிக் முதலாளியைக் கேட்டாய், மாமாவைக் கேட்டாய். சமையலறையில் அம்மாவிடம், "அப்பாகிட்ட இதைப் பத்திப் பேச வேணாம்மா, அவருக்குக் கஷ்டமா இருக்கும்" என்று நீ சொன்னது ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஊரில் மாட்டு டாக்டர் இல்லை, அரசாங்கம் என்ன செய்கிறது என்று நானும் காப்பிக்கடையில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இன்னும் நிறையப் பேரைப் படிக்க வைக்க வேண்டும், உள்ளூரிலேயே ஒரு கல்லூரி வேண்டும், நர்ஸுகளுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும், எல்லாம் நியாயம்தான். உன் முதலாளியைப் பார், இருக்கிற ஒரு நல்ல நர்ஸும் போகிறாளே என்று புலம்பிக்கொண்டே முதல் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு நஷ்டம், ஆனாலும் போட்டார். அரசாங்கம் படிவத்தை நீட்டுகிறது. வீட்டில் ஒருத்தன் அதை வாங்கி லாரிக்குள் ஒளித்து வைத்தால் அரசாங்கம் என்ன செய்யும்? அன்றைக்குக் கேம்பல் லேனில் ஒரு டாக்டர் குறைந்ததற்கு நான்தான் காரணம். அந்த மாட்டுக்கு வயிறு உப்பியதற்கும் நான்தான் காரணம். ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன், என் சாமர்த்தியத்தைப் பார்.

சரி, போதும் என் புராணம். நீ போகிற இடத்துக்கு நாலு வார்த்தை. அங்கே குளிரும், கால் உறை போடாமல் வெறுங்காலோடு நடக்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு வீடியோவில் வா, இல்லையென்றால் அவள் என்னைப் போட்டு வறுத்தெடுப்பாள். உன் வகுப்பில் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாக இருப்பார்கள், இருபத்தொன்பது வயதில் போய் உட்கார்ந்திருக்கிறோமே என்று கூசாதே. அவர்கள் புத்தகத்தில் பார்க்கப்போகிற வயிற்றை நீ ஏற்கெனவே கையால் பிசைந்திருக்கிறாய். அங்கே யாரையாவது பிடித்துப்போனால் கூட்டி வா. எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், மாட்டைக் கண்டு ஓடாதவனாக இருந்தால் சரி. திரும்பி வந்து ஆறு வருடம் வேலை செய்ய வேண்டும் என்பதை உன் அத்தை, "கட்டிப்போடறாங்க" என்று சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நீ வா, உனக்கு இங்கே வேலை இருக்கிறது' என்று ஓர் ஊரே எழுதிக் கொடுக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் இதை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது.

இன்னொன்று. டாக்டரான பிறகு உன் கையாலும் ஏதாவது தப்பு நடக்கும். நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் எட்டு நாள் தள்ளிப்போட்டேன், அது ஒன்பது வருடம் ஆகிவிட்டது. சொல்லாமல் விட்டால் நாக்கில் நெல்லிக்காய் அளவுக்கு என்னவோ உட்கார்ந்துகொள்கிறது, உன் அம்மா சமையல்கூட அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இப்போது நான் கேட்பது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஷூரிட்டி வரி இன்னும் காலியாக இருக்கிறது, மாமா நேரில் வந்து போடுவதாக இருக்கிறார். அந்த வரியை எனக்குக் கொடுப்பாயா? நேற்றே போன் போட்டு விசாரித்துவிட்டேன். "வயசு ஓகே, சம்பளம் ஓகே, நீங்க போடலாம் அங்கிள்" என்றார்கள். நீ முடியாது என்றால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. மாமாவும் கூடவே வரட்டும், அவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்று நீ நினைத்தால் அவரே போடட்டும், நான் வண்டி ஓட்டி வந்தவனாக வெளியே நிற்கிறேன். எப்படியானாலும் நீ போகிறாய், அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு பழைய படிவத்தையும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை, மடித்த இடத்தில் கிழிசல், மற்றபடி என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அது உனக்குத்தான் சேர வேண்டியது.

திங்கட்கிழமைக்காக லாரியை இரண்டு தடவை கழுவிவிட்டேன், மாட்டு வாடை போகவில்லை, பொறுத்துக்கொள். கறுப்பு மை பேனா சட்டைப் பையில் இருக்கிறது. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்திலேயே மாட்டிவிட்டேன். ஒன்பது மணிக்குத்தான் என்று எனக்கும் தெரியும். ஏழு மணிக்கே நம் அடுக்குமாடி புளோக் கீழே வந்து நிற்பேன், நீ இறங்கி வா.

அப்பா